ஜெலட்டின் பார்த்த வேலையை யார் பார்ப்பது?

அக்டோபர் 31-ஆம் தேதி இரவு எட்டரை மணிக்கு எங்கள் நியூஜெர்சி வீட்டுக் கூடத்தில் ஒரு தலையணை உறை கவிழும். ஹாலோவீனுக்காக எலும்புக்கூடு வேடம் கட்டி, தெருவில் வீடு வீடாகக் கதவு தட்டி மகள் வாங்கிவந்த மிட்டாய்கள் அத்தனையும் கம்பளத்தில் குவியும். கூட வந்த பிள்ளைகள் உடனே பண்டமாற்றில் இறங்கிவிடுவார்கள். இவள் மட்டும் ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை விளக்கருகே பிடித்துப் படிப்பாள். "அம்மா, இதுல ஜெலட்டின் இருக்கு. இது எனக்கு வேணாம்." வேண்டியது வலப்பக்கம், வேண்டாதது இடப்பக்கம். போன வருஷம் இடப்பக்கக் குவியல்தான் பெரியது.

எங்கள் வீடு சைவம். பால், தயிர், நெய் உண்டு. மகள்தான் எட்டு வயதில் பாலும் தேனும்கூட வேண்டாமென்று தானாகவே முடிவெடுத்து வீகன் ஆனாள். அவள் ஒதுக்கிய குவியலுக்கு ஈடாக வீட்டிலேயே செய்து கொடுக்கலாம் என்று இறங்கினேன். முதல் வருஷம் எதுவும் உருப்படியாக வரவில்லை. மிட்டாயில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ருசிக்காக மட்டும் அங்கே இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வேண்டாத பொருளை எடுத்துவிடலாம். அது பார்த்துக்கொண்டிருந்த வேலையை யாராவது ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

முதலில் ஜெலட்டின். ஜெர்மனியின் பான் நகரத்தில் ஹான்ஸ் ரீகல் என்பவர் தொடங்கிய ஹரிபோ நிறுவனம் 1922-ல் கரடி வடிவ ஜெல்லி மிட்டாயைக் கொண்டுவந்தது. அதன் வழிவந்தவைதான் இன்று கம்மி என்ற பெயரில் கடை நிறையத் தொங்குபவை. பெரும்பாலானவற்றின் உடம்பு ஜெலட்டினால் ஆனது. மாடு, பன்றி இவற்றின் தோலிலும் எலும்பிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மூன்று புரியாக முறுக்கிய கயிறு மாதிரி. நெடுநேரம் வெந்நீரில் வேகவைத்தால் முறுக்கு அவிழ்ந்து புரிகள் பிரியும். ஆறும்போது அந்தப் புரிகள் அங்கங்கே ஒன்றையொன்று தேடிப் பின்னிக்கொள்ள, நடுவே தண்ணீர் சிறைப்படும். தொட்டால் துள்ளும் ஜெல்லி என்பது இந்த வலையில் மாட்டிய தண்ணீர்தான்.

இந்தப் பின்னல் தளர 35 டிகிரி செல்சியஸ் சூடு போதும். நம் உடம்பின் சூடு 37. கம்மியை நாக்கில் வைத்ததும் முதலில் மெல்லக் கொடுத்து, பிறகு தானாகக் கரைந்து ருசியை அவிழ்த்துவிடுவதற்கு இந்த 2 டிகிரி வித்தியாசமே காரணம். தாவரங்களில் இப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பது எளிதில்லை.

மாற்று என்றதும் என் கை தானாகக் கடல்பாசிக்குப் போனது. அகர் அகர், சைனா கிராஸ் என்றும் சொல்வோம். ரம்ஜான் நோன்பு மாதத்தில் எங்கள் ஊரில் அடுத்த வீட்டிலிருந்து கிண்ணத்தில் வரும் இளஞ்சிவப்புக் கடல்பாசிக்காகச் சிறு வயதில் நான் வாசலிலேயே காத்திருப்பேன். மண்டபம், ராமேஸ்வரம் கரைகளில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசி அகருக்கு மூலப்பொருள். இது புரதம் இல்லை, பாசியின் செல் சுவரில் இருக்கும் நீளமான சர்க்கரைச் சங்கிலி. சூட்டில் கரைந்து, ஏறத்தாழ 32-லிருந்து 40 டிகிரிக்குள் உறைந்துவிடும். ஆனால் ஒருமுறை உறைந்ததை மறுபடி உருக்க 85 டிகிரி வரை போக வேண்டும்.

இந்த ஒரு குணம் மருத்துவ வரலாற்றையே திருப்பியது. 1881-ல் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்க்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். உடம்புச் சூட்டில் வைத்தால்தான் கிருமி வளரும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் உருகி ஓடிவிடும். போதாக்குறைக்குப் பல கிருமிகள் ஜெலட்டினையே தின்று நீராக்கிவிடும். உன் பழ ஜெல்லி மட்டும் கோடையிலும் எப்படி இளகாமல் நிற்கிறது என்று மனைவி ஃபானியிடம் கேட்டார். அதில் போடுவது அகர் என்றார் அவர். நியூயார்க்கில் பிறந்தவர், ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சு அண்டை வீட்டாரிடம் அந்தப் பக்குவத்தைக் கற்றிருந்தார். இன்று உலகத்தின் எல்லாக் கிருமியியல் ஆய்வகங்களிலும் சிறு தட்டுகளில் ஊற்றி வைத்திருப்பது அந்த அம்மாளின் சமையலறைப் பொருள்தான். 1882-ல் வெளியான காசநோய்க் கட்டுரையில் அகரைப் பற்றி எழுதிய கோக், அது யார் தந்த யோசனை என்று சொல்லவில்லை. ஃபானியின் பெயரை அடுப்பங்கரையில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஆய்வகத்துக்கு வரமாக வந்த அதே குணம் கம்மிக்குக் குறை. அகர் ஜெல்லி வாயில் உருகாது. இழுத்தால் நீளாது, கடித்தால் சட்டென்று விண்டுவிடும். ஆகவே ஜெலட்டின் இருந்த அளவுக்கு அகரைப் போட்டால் கிடைப்பது கம்மி இல்லை, கட்டியான ஒரு கடல்பாசித் துண்டு. என் முதல் வருஷத் தோல்வி இதுதான்.

இப்போது நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். உலர்ந்த சங்குப்பூ ஒரு கைப்பிடியை 150 மில்லி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் அடர்நீலச் சாறு வரும். அதில் 4 கிராம் அகர் தூளையும் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையையும் கலந்து அடுப்பில் ஏற்றி, தளதளவென்று கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் கிளறுகிறேன். கொதிக்காத அகர் கரையாது. அடியில் மணல் மாதிரி நிற்கும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் அதன் முதுகில் ஒரு பொட்டுத் தூள்கூடத் தெரியக் கூடாது. அடுப்பை அணைத்த பிறகு, வெதுவெதுப்பாக்கிய வெள்ளைத் திராட்சைச் சாறு 100 மில்லியையும் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாற்றையும் விடுகிறேன். பாத்திரத்துக்குள் நீலம் ஒரு நொடியில் ஊதாவாக மாறுவதைப் பார்க்க மகள் முக்காலி போட்டு ஏறி நிற்பாள்.

எலுமிச்சையைக் கடைசியில் விடுவதற்குக் காரணம் உண்டு. புளிப்போடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் அகரின் நீண்ட சங்கிலிகள் துண்டுபட்டு ஜெல்லி தொளதொளவென்று போய்விடும். நிறம் மாறுவதும் அதே புளிப்பால்தான். சங்குப்பூவின் நீலம் ஆந்தோசயனின் வகை நிறமி; அமிலம் கூடக் கூட அதன் மூலக்கூறு உருமாறி ஊதாவுக்கும் சிவப்புக்கும் நகரும். சிவப்பு முட்டைக்கோஸிலும் இதே வித்தை நடக்கும். சங்குப்பூச் சாற்றை உணவு நிறமாகப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-ல் ஒப்புதல் தந்தது. அதே நிர்வாகம் மிட்டாய்களில் பல காலமாக இருந்த சிவப்பு 3 என்ற செயற்கைச் சாயத்தின் அனுமதியை 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றது.

ஹாலோவீனுக்கு வேண்டிய மற்ற நிறங்களும் அடுப்பங்கரையிலேயே இருக்கின்றன. ஆரஞ்சுக்குக் கேரட் சாறு. மஞ்சளுக்கு மஞ்சள்தான், ஆனால் அதன் நிறமி தண்ணீரில் சரியாகக் கரையாது, வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். பீட்ரூட்டின் சிவப்பு கொதியில் செத்துவிடும் என்பதால் அதையும் அணைத்த பிறகே விட வேண்டும். கறுப்புக்குக் கரித்தூள் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் போட மாட்டேன். கரித்தூள் வயிற்றில் மருந்துகளையும் உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. கறுப்பு எள்ளை அரைத்தால் போதும்.

வாயில் உருகாத ஜெல்லி தொண்டையிலும் உருகாது என்பதை மறக்கக் கூடாது. ஒரே வாயில் உறிஞ்சி விழுங்கும் சிறு கிண்ண ஜெல்லிகளில் அகரையும் அதைப் போன்ற பசைகளையும் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் தடை போட்டது மூச்சடைப்பு அபாயத்தால்தான். நான் பட்டாணி அளவுக்கு நறுக்குகிறேன். நான்கு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்குத் தருவதில்லை.

இனி சர்க்கரை. கடைக் கம்மியில் 100 கிராமுக்கு 46 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். என் ஜெல்லியில் திராட்சைச் சாற்றிலிருந்து வருவதையும் சேர்த்து 15 கிராம்தான். குறைத்துவிட்டோம் என்று மகிழ்வதற்கு முன், சர்க்கரை பார்த்த வேலை என்ன என்று கேட்க வேண்டும். சர்க்கரை தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிடிபட்ட தண்ணீர் பூஞ்சைக்கும் கிருமிக்கும் உதவாது. அதனால்தான் கடைக் கம்மி அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. என்னுடையதில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். குளிர்பெட்டியில் நாலைந்து நாள் தாங்கும். அதற்குள்ளேயே ஓரங்களில் நீர் கசியத் தொடங்கும். ஒரு நாள் முழுக்கக் கம்பித் தட்டில் மூடாமல் குளிர்பெட்டியில் வைத்தால் மேல்புறம் உலர்ந்து கொஞ்சம் மெல்லும் தன்மை வருகிறது. பழங்களின் பெக்டினை வைத்துச் செய்யலாமே என்று கேட்கலாம். சாதாரண பெக்டின் உறைய 60 சதவீதத்துக்கு மேல் சர்க்கரையும் நல்ல புளிப்பும் வேண்டும். குறைந்த சர்க்கரைக்கென்று விற்கும் பெக்டின் வேறு வகை, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உறையும். வாங்கும்போது அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும்.

சர்க்கரையின் இந்தக் கணக்கு நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதில்லை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது அம்மா கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். இங்கே மிட்டாய் செய்கிறவர்களும் அதே சொட்டை அதே தண்ணீரில் விட்டு, மென் உருண்டைப் பதம் என்று பெயர் சொல்லி, 112-லிருந்து 116 டிகிரி என்று வெப்பமானியில் குறித்துக்கொள்கிறார்கள். தண்ணீர் வற்ற வற்றப் பாகின் கொதிநிலை ஏறுகிறது. வெப்பமானி காட்டுவது மிச்சமிருக்கும் தண்ணீரின் அளவைத்தான். 150 டிகிரியைத் தாண்டினால், தட்டும்போது டங்கென்று ஒலிக்கும் பதம்.

வெல்லம் போட்டால் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெல்லத்தில் கொஞ்சம் தாதுக்கள் உண்டு, மணம் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். வீகன் என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். ஜெலட்டின் இல்லாத ஸ்கிட்டில்ஸ் மாதிரியான பழ மிட்டாய்களும் சர்க்கரைப் பாகும் சோளப் பாகும்தானே. விலங்குப் பொருளை நீக்குவது ஒரு வேலை, சர்க்கரையைக் குறைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் தனித்தனியாகச் செய்தாக வேண்டும்.

விலங்குப் பொருளும் ஜெலட்டினோடு நின்றுவிடுவதில்லை. பளபளக்கும் மிட்டாய்களின் அட்டையில் மிட்டாய் மெருகு என்று ஒரு பெயர் இருக்கும். அது அரக்கு. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகைக்குப் பூசிய அதே அரக்கு. பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் அரக்குப் பூச்சி சுரப்பது. ஜார்க்கண்டில் நிறைய விளைகிறது. மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை என மூன்று அடுக்காக இருக்கும் கேண்டி கார்ன் ஹாலோவீனின் அடையாளம். கடைகளில் அதிகம் கிடைப்பதில் ஜெலட்டின், தேன், அரக்கு மூன்றும் இருக்கின்றன. சிவப்பு மிட்டாய்களில் கார்மைன் என்று போட்டிருந்தால் அது சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுத்த சாயம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் கள்ளித் தோட்டம் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தப் பூச்சியை வளர்க்கப் பார்த்திருக்கிறார். நல்ல சாயம் தரும் இனம் வந்துசேராததால் முயற்சி நின்றுபோனது. அமெரிக்காவில் 2011 முதல்தான் கார்மைனின் பெயரை அட்டையில் வெளிப்படையாக எழுத வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஒருமுறை, அட்டையில் நிறமி என்று மட்டும் எழுதியிருந்த சிவப்பு மிட்டாய் டப்பாவை நான் உறவினர் பிள்ளைகளுக்கெல்லாம் பரிசாகக் கொடுத்திருந்தேன். பின்னால் தெரிந்தபோது என்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சாப்பிடுவது என்னவென்று தெரிந்துகொள்ளும் உரிமை குழந்தைக்கும் உண்டு.

மகளுக்கு ரொம்பப் பிடித்தது ஜெல்லி இல்லை, பேரீச்சை. நிலக்கடலையும் கேரமலும் சாக்லேட்டும் சேர்ந்த பார்களுக்கு ஈடாக, கொட்டை எடுத்த மெஜூல் பேரீச்சைக்குள் நிலக்கடலை வெண்ணெயும் இரண்டு வறுத்த கடலையும் ஒரு சிட்டிகை உப்பும் வைத்து மூடி, கறுப்புச் சாக்லேட்டில் முக்கி எடுக்கிறேன். கேரமலின் மணத்துக்குப் பெரிய காரணம் பால் புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து பழுப்பேறுவது. பழுத்து உலரும் பேரீச்சையிலும் அந்தப் பழுப்பு வினை மெதுவாக நடந்திருக்கிறது. அதனால்தான் பாலே இல்லாமல் நாக்கு ஏமாறுகிறது.

ஆனால் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். ஒரு பெரிய மெஜூல் பேரீச்சையில் 16 கிராம் சர்க்கரை. ஹாலோவீனுக்குக் கொடுக்கும் சின்னப் பொட்டலச் சாக்லேட் பார் ஒன்றில் 8, 9 கிராம்தான். 2-லிருந்து 18 வயது வரையுள்ளவர்கள் சேர்த்த சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அமெரிக்க இதயக் கழகம். முழுப் பழத்தின் சர்க்கரை இந்த 25-ல் சேராது. செல் சுவருக்குள் நார்ச்சத்தோடு இருப்பதால் அது மெதுவாக இறங்குகிறது, வயிறும் நிறைகிறது. அதே பேரீச்சையை மிக்ஸியில் அரைத்துக் கூழாக்கினால் செல்கள் உடைந்துவிடும். பிரிட்டனின் வரையறைப்படி பழக்கூழில் இருப்பது கட்டவிழ்ந்த சர்க்கரை, கரண்டியில் அள்ளிப் போட்டதற்குச் சமம். ஆகவே நான் அரைப்பதில்லை. பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, அரைப் பழத்துக்கு ஒரு மிட்டாய் என்று செய்கிறேன். பேரீச்சையும் பல்லில் ஒட்டும். வாயில் அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால், அதாவது புளிப்பு கூடினால், எனாமல் கரையத் தொடங்கும். ஒவ்வொரு முறை இனிப்பு தின்ற பிறகும் எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். நாள் முழுக்க ஒன்று ஒன்றாக மெல்லுவதைவிடச் சாப்பாட்டோடு சேர்த்து இரண்டைத் தின்று வாய் கொப்பளிப்பது பல்லுக்கு நல்லது.

மேலே பூசும் சாக்லேட்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையும். ஐந்தாவது வகைதான் பளபளப்பாகவும், ஒடித்தால் சட்டென்று முறியும்படியும், 34 டிகிரி வாக்கில் உருகும்படியும் இருக்கும். சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45-லிருந்து 50 டிகிரிக்கு உருக்கி, மிச்சத்தைத் துண்டுகளாகப் போட்டுக் கிளறி 31, 32-க்கு இறக்கினால், உருகாமல் இருந்த துண்டுகள் விதையாகி நல்ல படிகத்தைப் பரப்பும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் எல்லாம் திரிதிரியாகிவிடும், ஆகையால் ஈரக் கரண்டி ஆகாது. கறுப்புச் சாக்லேட்டிலும் பால் கொழுப்பு சேர்க்கிறவர்கள் உண்டு. அட்டையைப் பார்க்க வேண்டும். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2022-ல் சோதித்த 28 கறுப்புச் சாக்லேட்டுகளிலும் ஈயமும் காட்மியமும் இருந்தன என்பதைப் படித்ததிலிருந்து பிள்ளைகளுக்கு மெல்லிய பூச்சு மட்டும்தான்.

இவற்றை வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. ஒரு காலத்தில் இங்கே ஹாலோவீனுக்குக் கொடுத்ததே வீட்டில் செய்த பொரி உருண்டையும் பாகில் முக்கிய ஆப்பிளும்தான். இரண்டாம் உலகப் போர்க் காலச் சர்க்கரைப் பங்கீடு 1947-ல் முடிந்தபின் கதவு தட்டும் வழக்கம் நாடெங்கும் பெருகியது, பொட்டல மிட்டாயும் பெருகியது. 1974-ல் டெக்சஸில் ஒரு தகப்பன் காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் சொந்த மகனுக்கே சயனைடு கலந்த மிட்டாயைக் கொடுத்துக் கொன்றான். அந்நியர் தரும் மிட்டாயில் விஷம் என்ற பயம் அதன் பிறகு வேரூன்றியது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதல் வந்த செய்திகளை ஆண்டுக்கணக்கில் துருவிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் தின்பண்டத்தால் ஒரு குழந்தை இறந்ததாகவோ படுகாயம் அடைந்ததாகவோ உறுதியான ஒரு நிகழ்வும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் பொட்டலமில்லாததைப் பெற்றோர் வீசிவிடுகிறார்கள், அவர்கள் பயத்தை நான் மதிக்கிறேன். ஒவ்வாமை இருக்கும் பிள்ளைகளுக்காக எங்கள் வாசலில் நீலப்பச்சைப் பூசணி ஒன்று இருக்கும். தின்பண்டம் அல்லாத பரிசும் இங்கே உண்டு என்பதற்கு அது அடையாளம். அதனருகே பென்சிலும் ஒட்டுப்படமும் வைக்கிறோம்.

வீட்டு மிட்டாய் நண்பர்கள் கூடும் விருந்துக்குத்தான். அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. பாலை எடுத்துவிட்டு நாம் கொண்டுவரும் கடலையும் எள்ளும் வேறு சில பிள்ளைகளுக்கு உயிராபத்து. 2023 முதல் எள்ளும் அமெரிக்கச் சட்டத்தில் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களின் வரிசையில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது. எனவே ஒவ்வொரு தட்டின் முன்னாலும் மகள் ஓர் அட்டை நட்டு வைக்கிறாள். போன வருஷம் ஊதா ஜெல்லித் தட்டுக்கு அவள் எழுதியது: சங்குப்பூ, திராட்சை, எலுமிச்சை, சர்க்கரை, கடல்பாசி. பக்கத்துத் தட்டில், பெரிய எழுத்தில், சிவப்பு மையில்: நிலக்கடலை இருக்கிறது. எழுத்து எல்லாருக்கும் தெரிகிறதா என்று மூன்றடி தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கப் போனாள்.